ஒரு நாற்காலிக்கான பாட்டு

ஜூன் 2, திங்கள்

அண்ணனை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தோம். கூட்டி வந்தோம் என்பது மரியாதைக்கு. உண்மையில் தூக்கி வந்தோம். வலது கையும் வலது காலும் அசையவில்லை. நினைவு தெளிவாக இருக்கிறது, நாம் சொல்வது புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது. கோவையில் பாதி சினிமா தியேட்டர்களுக்கு சவுண்டு சரிசெய்து கொடுத்த ஆறுச்சாமி அவர். புரொஜக்டர் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. இனி இந்த வீட்டில் யார் என்னைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ஹாலை ஒட்டிய சின்ன அறையில் கட்டில் போட்டிருக்கிறோம். அவர் ரிப்பேர் வேலை பார்த்த அறை அது. வால்வு, ஒயர், சால்டரிங் கம்பி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் அள்ளி மாடிக்குக் கொண்டுபோனேன். மாடி என்னுடையது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். மனைவி போனபிறகு படுக்கை மேலே, சாப்பாடு கீழே என்று ஓடுகிறது.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "வீட்ல அமைதியா வச்சுக்குங்க. பெரிய சத்தம், கூட்டம் எதுவும் வேண்டாம்."

இதை மட்டும் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் அண்ணி ஒன்றுமே நடக்காததுபோல் ஹாலில் அண்ணனின் வால்வு ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றி, ரேடியோவை ஹார்ன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நாகஸ்வரம். வீடே அதிர்ந்தது. மாடியிலிருந்து ஓடி வந்து அணைத்தேன்.

"ஏனுங் தம்பி, அணைச்சுப் போட்டீங்க?"

"டாக்டர் என்ன சொன்னாருங்க அண்ணி? சத்தம் வேண்டாம்னு சொல்லலீங்களா?"

"இது சத்தமுங்களா? பாட்டுதானுங்களே."

மறுபடி போட்டார். ருக்மணி அண்ணியிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. நான் எந்த மூலைக்கு?

தெரியாதவர்கள் ஹார்ன் என்றால் கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாயை நினைத்துக்கொள்வார்கள். அண்ணனுடையது வேறு வகை. பழைய தியேட்டர் ஒன்றை இடித்தபோது திரைக்குப் பின்னாலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த ஜோடி. ஒவ்வொன்றும் பீரோ உயரம். கீழே மரப்பெட்டி, தலையில் இரும்பு வாய். ஆயிரம் பேருக்குக் கேட்கவேண்டும் என்று செய்ததை மூன்று பேர் இருக்கும் வீட்டில் வைத்திருக்கிறார். கேட்டால், "மெதுவா வச்சா மெதுவாப் பாடும்டா" என்பார். என்றைக்கு மெதுவாக வைத்தார்?

ஜூன் 5, வியாழன்

அண்ணனுக்கு இடது கையில் நடுக்கம் வருகிறது. ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் படபடவென்று அடிக்கிறது. நல்ல கை அதுதான், அதற்கும் ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பயமாக இருக்கிறது. காலையில் மட்டும் வருகிறது, பத்து மணிக்குமேல் இல்லை. காலை மாத்திரையின் வேலையாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்கவேண்டும்.

மத்தியானம் அரிசியும்பருப்பும் சாதம். அண்ணன் கிண்ணத்தைக் காலி செய்தார்.

ஜூன் 8, ஞாயிறு

பிசியோதெரபி செய்ய ரெஜினா என்ற பெண் வர ஆரம்பித்திருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம். சிரித்த முகம், கையில் பயில்வான் பிடி. அடுத்த வாரம் அண்ணனை எழுப்பி நிறுத்தி நடத்திப் பழக்கவேண்டும், ஹாலில் இடம் வேண்டும் என்றாள்.

இடமா? ஹாலில் பாதியை ஹார்ன் அல்லவா அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அண்ணன் அறைப்பக்கம் பார்த்தார். "நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்யுங்க தம்பி" என்றார். தெருமுனை மெக்கானிக் கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு, கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் கொண்டுபோய் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

ஹால் காலியாகக் கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. சாயங்காலமே என் ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கிவிட்டேன்.

இந்த இடத்தில் நான் நியாயமாக எழுதவேண்டும். என்னுடையவை பிளேனர் ஸ்பீக்கர்கள். பெட்டி கிடையாது, குழாய் கிடையாது. ஆள் உயரத்துக்கு ஒல்லியான பலகை, மேலே துணி. உள்ளே காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம், முழுசாக அசைந்து பாடும். வாங்கின நாளிலிருந்து மாடி அறையில் சுவரோடு ஒட்டித்தான் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னாலும் காற்று வேண்டும், சுவரிலிருந்து தள்ளி நிற்கவேண்டும். மாடியில் அதற்கு இடமில்லை. ஹாலில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமா என்று அண்ணனிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "உன் கதவ ரெண்டையும் மேலயே வச்சுக்க கனகு. ஹால்ல ஏற்கெனவே கதவு இருக்குது" என்பார். கேட்கும்போதெல்லாம் இதே பதில்.

நடப்பதற்குத்தானே இடம் வேண்டும்? பலகை ஒல்லிதான். இடத்தை அடைக்காது.

ஜூன் 9, திங்கள்

வலது பலகையை நாலு விரல் முன்னால் நகர்த்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூன் 11, புதன்

இன்றைக்குத்தான் அமைந்தது. இவ்வளவு காலமாக என் ஸ்பீக்கரை நானே கேட்டதில்லை என்று இன்றுதான் தெரிகிறது.

அண்ணனின் பிரம்பு நாற்காலியைப் பலகைகளுக்கு எதிரே, இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். வீணை. மீட்டின விரல் தெரிந்தது. கம்பியை இழுத்த விரலும் தெரிந்தது. தம்பூராவில் நாலு கம்பியையும் தனித்தனியாக எண்ணலாம். பலகை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. சத்தம் பலகையிலிருந்து வரவில்லை, ஹாலில் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஹார்னில் இதே வீணை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். வித்வான் நம் மடியில் வந்து உட்கார்ந்துகொள்வார். மிருதங்கம் நெஞ்சில் அடிக்கும். பெண் குரல் சில இடங்களில் ஜலதோஷம் பிடித்ததுபோல் இருக்கும். ஆனால் நாகஸ்வரமும் தவிலும் வந்தால் ஹார்னை மிஞ்ச முடியாது, அதையும் எழுதுகிறேன். என் பலகையில் தவில் அடுத்த தெருக் கல்யாணத்தில் வாசிப்பது போலத்தான் கேட்கிறது.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்குப் பெருமை. பலகை முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் பக்கவாட்டில் சந்தித்து ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் எத்தனை வருஷம் வரைந்து காட்டியிருக்கிறேன்! பலகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அந்தச் சத்தமில்லாத கோடு நேராக அண்ணன் அறை வாசலில் விழும்படி செய்துவிட்டேன். ஹாலில் கச்சேரி நடந்தாலும் அவர் ஓய்வு கெடாது. டாக்டர் சொன்ன அமைதிக்கு அமைதியும் ஆச்சு, எனக்குப் பாட்டுக்குப் பாட்டும் ஆச்சு.

பாட்டை ஓடவிட்டு அவர் அறைக்குப் போய் நின்று சோதித்தேன். கொசு முனகுவதுபோல் ஏதோ, அவ்வளவுதான். அண்ணன் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 14, சனி

நல்ல செய்தி. அண்ணனின் கை நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது. நாலு நாளாக விரல் அசையவே இல்லை. அமைதிக்கு இருக்கும் பலன் இது. அண்ணியிடம் சொன்னேன். "அப்படீங்களா" என்றார்.

ரெஜினா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "நான் வந்த புதுசுல இடது கையில நல்ல சுறுசுறுப்பு இருந்துச்சு சார். இப்ப தொங்கப் போட்டுட்டாரு. ஏன்னு தெரியல."

மழை தூறுகிறது. போர்ட்டிகோவில் தார்ப்பாய் விலகி ஒரு ஹார்னின் இரும்பு வாய்க்குள் தெருப்பூனை சுருண்டு படுத்திருந்தது. விரட்டினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. களியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

காஸ் சிலிண்டர் வந்தது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அண்ணி ஹால் வாசலில் நின்று, "இதுல பாட்டு ஓடுதுங்களா தம்பி? அடுப்படில ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது" என்றார். வாங்க, வந்து உட்கார்ந்து கேளுங்கள் என்று என் நாற்காலியைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதிப் பாட்டில் குக்கர் விசில் அடித்தது. எழுந்துகொண்டே, "நல்லாத்தானுங்க இருக்குது. வேலவெட்டி இல்லாம இருந்தா உக்காந்து கேக்கலாம்" என்றார்.

என்னைக் குத்தினாரா, சும்மா சொன்னாரா என்று விளங்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஈரோட்டிலிருந்து ஒரு பல் டாக்டர் போன் செய்தார், பெயர் இளவழகன். பழைய தியேட்டர் ஹார்ன்களைச் சேர்த்து வைப்பவராம். அண்ணனிடம் பல தடவை கேட்டுக் கிடைக்கவில்லையாம். அண்ணன் படுத்திருப்பது காதுக்கு எட்டியிருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் கண்போல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மழையில் நனைந்து பாழாவதைவிட ஒரு ரசிகன் வீட்டில் இருப்பது நல்லதில்லையா? வரும் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு வண்டியோடு வரச்சொன்னேன்.

அண்ணியிடம் சொன்னதும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அவருகிட்டக் கேட்டீங்களா தம்பி?"

"கேட்டா எப்படிங்க சொல்லுவாரு?"

"சொல்ல வராதுங்க. தலையாட்ட வருமுங்களே."

மனசை அலட்டக்கூடாது, சமயம் பார்த்துக் கேட்கிறேன் என்றேன். அண்ணி கீரையை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 21, சனி

கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றும் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்று எழுதுவது சரி.

ஜூன் 23, திங்கள்

ரெஜினா இரண்டு கையாலும் தாங்கி எழுப்பப் பார்த்தாள். அண்ணன் உடம்பை மரக்கட்டையாக்கிக்கொண்டார். முடியாமல் இல்லை சார், மாட்டேங்கிறார், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றாள் என்னிடம்.

டாக்டரிடம் போனில் பேசினேன். இந்த மாதிரி நோயாளிகளுக்கு மனசு சோர்ந்துபோவது சகஜம், ஒரு மாத்திரை சேர்த்துக்கொடுங்கள் என்றார். பிடித்த விஷயம் ஏதாவது இருந்தால் பக்கத்தில் வையுங்கள் என்றும் சொன்னார். அண்ணனுக்கு என்ன பிடிக்கும்? நேந்திரம் பழம் வாங்கி வந்தேன். தொடவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று பாட்டு சரியாக அமையவில்லை. மின்சார அழுத்தம் குறைந்திருக்கவேண்டும். பாதியில் அணைத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. அடுப்படியில் அண்ணி இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் ரேடியோவோடு சேர்ந்து ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

மின்சார அழுத்தம்தான். சோதித்துப் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இளவழகன் காலையிலேயே வேனோடு வந்துவிட்டார். நல்ல மனிதர், என்னைவிடச் சின்னவர், அண்ணனைப் பற்றி மரியாதையாக விசாரித்தார். ஏற்றுவதற்குமுன் ஒரு தடவை பாடவைத்துப் பார்க்கலாமா என்றார். மழைக்காற்றில் இருந்த சாமான், நியாயமான கேள்விதான். ஹாலுக்குள் தூக்கி வைத்து வால்வு ஆம்பை இணைத்தோம். அண்ணன் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

நாகஸ்வரம் போட்டேன், சத்தத்தை மட்டுப்படுத்தித்தான். ஹார்னுக்கு மட்டு ஏது? அந்த இரும்பு வாயிலிருந்து சீவாளியின் காற்று முதலில் வந்தது, பின்னால் தவில் வந்தது. பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஈரத்தால் ஒன்றும் ஆகவில்லை.

அப்போது அறைக்குள்ளிருந்து கணீரென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியை ஓங்கி அடிக்கும் சத்தம். கதவைச் சாத்தினது போதவில்லை, அண்ணனுக்குத் தொந்தரவாகிவிட்டது, கோபத்தில் டம்ளரை எடுத்து அடிக்கிறார் என்று நினைத்தேன். "அணைங்க, அணைங்க!" என்று கத்திக்கொண்டே அறைக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தபோது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தலையணையிலிருந்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். யாரும் தூக்கிவிடவில்லை. இடது கையில் டம்ளர். அடித்துக்கொண்டிருந்தார். மூன்று, பிறகு நாலு. மூன்று, பிறகு நாலு. மிஸ்ரசாபு தாளம். தவில்காரர் எங்கே விழுகிறாரோ அங்கே டம்ளரும் விழுந்தது, மயிரிழை பிசகவில்லை.

நான் கத்தியதைக் கேட்டு இளவழகன் பாட்டை நிறுத்தினார்.

டம்ளர் அந்தரத்தில் நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தார். இந்த மூன்று வாரமாக அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் கட்டை விரலைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"போடு" என்றார்.

அண்ணி என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் அழுதது எனக்குத் தெரியும், நான் அழுததும் அவருக்குத் தெரியும். ஹாலுக்குப் போய் நானே போட்டேன். டம்ளர் சத்தம் பாட்டு முடியும்வரை ஓயவில்லை.

நடுக்கமாம். காலையில் மட்டும் வருகிறதாம், மாத்திரையின் வேலையாம்! ரேடியோ ஓடும் நேரத்தில் வந்தது, ரேடியோ நின்றதும் போனது. இயற்பியல் வாத்தியார் நான் அதைப் பார்த்து மாத்திரையின் பெயரைத் தேடியிருக்கிறேன். பேச்சு போனவருக்கு இந்த வீட்டில் மிச்சமிருந்தது காது ஒன்றுதான். அந்தக் காதில் சத்தம் விழாமல் இருக்க, கணக்குப் போட்டு, இடுப்பு பிடித்துக்கொள்ள, விரல் விரலாகப் பலகையை நகர்த்தியிருக்கிறேன். அவருக்காகத்தான் செய்தேன் என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த நாற்காலி.

இளவழகன் காபி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பினார். "நான் எடுத்துட்டுப் போயிருந்தா ராத்திரி தூக்கம் வராதுங்க சார். அண்ணன் எந்திரிச்சதும் சொல்லுங்க, வந்து அவரோட உக்காந்து கேக்கறேன்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

ஹார்ன் பழைய இடத்துக்குப் போய்விட்டது. ரெஜினாவுக்கு நடக்கவைக்க இடம் போதுமா என்று கேட்டேன். அண்ணன் அறை வாசலிலிருந்து ஹார்ன்வரை நடந்தால் போதும் சார், அதற்குமேல் வீட்டில் எங்கே போகப்போகிறார் என்றாள். இன்று தாங்கிப் பிடித்ததும் எழுந்து நின்றார். கொஞ்ச நேரம்தான், ஆனால் நின்றார்.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். பலகைகளை மாடிக்கு ஏற்றுமுன் ஒரே ஒரு தடவை அண்ணன் கேட்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆசை என்றுதான் சொல்லவேண்டும். எவ்வளவோ வருஷமாக 'உன் கதவு' என்று சிரித்தாரே தவிர, ஒரு நாளும் எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை. பிரம்பு நாற்காலியை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் அவரைக் கொண்டுவந்து சரியாக அந்த இடத்தில் நிறுத்தினேன். தலை எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று பார்த்து முதுகுக்குத் தலையணை வைத்தேன். அண்ணியும் வந்தார். அந்த ஒரு இடத்தைத் தவிர வேறெங்கும் சரியாகக் கேட்காது என்பதால் நாங்கள் இருவரும் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றோம்.

வீணையைப் போட்டேன். எங்களுக்குச் சரியாக ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் புருவம் உயர்ந்தது. பிறகு தலை மெல்லச் சாய்ந்தது. ஒரு இடத்தில் கமகத்துக்குக் கண்ணை மூடினார். இடது கை தொடையில் தாளம் போட்டது. முழுசாகக் கேட்டார், ஒரு நொடிகூட முகம் திருப்பவில்லை. தொழில்காரர் காது, ஏமாற்ற முடியாது. பிடித்திருந்தது.

முடிந்ததும் அருகில் போய்க் குனிந்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையன் மாதிரிதான் இருந்தேன்.

"எப்படிங்கண்ணா இருக்குது?"

வாய் அசைந்தது. அவசரப்படுத்தாதீர்கள் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். காத்திருந்தேன்.

"நல்... லாருக்கு."

அண்ணி கைகொட்டிவிட்டார். போதும் என்று சக்கர நாற்காலியைத் திருப்பப்போனேன். அண்ணன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். சுவரோரம் நின்றிருந்த அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு தடவை வந்து வந்து நழுவியது அந்தச் சொல். மூன்றாம் தடவை முழுசாக வந்தது.

"ஒருத்தனுக்கு."

ஜூலை 3, வியாழன்

பலகைகள் மாடியில் பழையபடி சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை அழகாகப் பாடும் சாமான் வேறு என்னிடம் இல்லை. அவற்றுக்குத் தேவையான இடம் என் வாழ்க்கையில் இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் காலையில் களி சாப்பிட்டார். கூடவே நேந்திரம் பழமும்.

இதை எழுதும்போது கீழே நாகஸ்வரம் ஓடுகிறது. படியேறி, ஜன்னல் வழியாக, தரை வழியாக, எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. மூக்கடைத்த சத்தம்தான், மாற்றிச் சொல்லமாட்டேன். அதோடு சேர்ந்து அண்ணி முணுமுணுப்பதும் கேட்கிறது. கட்டில் கம்பியில் டம்ளர் விழுவதும் கேட்கிறது. இத்தனை வருஷம் மேலே இருந்துகொண்டு அந்த ஹார்னைக் கேட்காமலா இருந்தேன்? தினமும் கேட்டிருக்கிறேன். எனக்கும் சேர்த்துத்தான் அண்ணன் சத்தமாக வைத்திருக்கிறார் என்று நினைத்ததில்லை.

இப்போது ஒரு இடத்தில் டம்ளர் பிசகியது. சந்தேகமே இல்லை, நாலு விழவேண்டிய இடத்தில் மூன்றுதான் விழுந்தது. கீழே போய்ச் சொல்லப்போகிறேன். ஆறுச்சாமியிடம் போய்த் தாளம் தப்பு என்று சொன்னால் அவருக்கு எப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தில் இன்னொரு சொல் வந்தாலும் வரும்.